எடுத்து வைத்த உடை

உடை சூடாக இருந்தது.

முதலில் பாப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரக் கணக்கில் விடாத மழை. துண்டு, தலையணை, கதவுப் பிடி என்று வீட்டில் எதைத் தொட்டாலும் சில்லென்று ஒட்டியது. அலமாரியைத் திறந்து, உறையின் ஜிப்பைக் கீழே இழுத்து, கல்யாண உடையின் தோளில் கை வைத்தபோது மட்டும் உள்ளங்கையில் ஒரு வெதுவெதுப்பு படர்ந்தது. அது இஸ்திரிச் சூடு இல்லை. பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இருக்கையில் அடுத்த நொடியே போய் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு.

"எங்கே, காட்டு காட்டு! அப்படி என்னதான் எடுத்திருக்கேன்னு பார்ப்போம்" என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்த அண்ணி, உடையைத் தூக்கிப் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு கழுத்துப் பகுதியை மூக்கருகே கொண்டுபோய், பாப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள்.

"போட்டுப் பார்த்துட்டியா அதுக்குள்ள?"

"இல்லையே அண்ணி."

"வேர்வை வாசம் அடிக்குதே. சும்மா சொல்லு. நானும் என் கல்யாணத்துக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கிட்டு தினம் ஒரு தடவை போட்டுப் பார்த்தவதான்."

பாப்பாவும் சிரித்து வைத்தாள். அண்ணி போன பிறகு உடையைத் தானும் முகர்ந்து பார்த்தாள். வேர்வைதான். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தெளிப்பார்களே, அந்தத் தண்ணீரின் ஸ்பிரிட் வாசம். அது யாருடைய கையில் இருந்து வந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஜிப்பை மேலே இழுத்து, அலமாரியைப் பூட்டினாள்.

முப்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். பெரியப்பா வீட்டு அக்காமார்கள் போட்டுக் கழித்த துணியிலேயே வளர்ந்தவள். 'அளவு சரியா இருக்கா?' என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். 'என்ன கலர் பிடிக்கும்?' என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு இடம் வந்து தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்த சம்பந்தத்துக்குத் தேதி குறித்த அன்றுதான் அண்ணி அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னாள்: "இந்தத் தடவை எல்லாம் உன் இஷ்டம். நீ ஒரு கலரைச் சொல்லு. மேடைத் துணி, பூ, மேசை விரிப்பு எல்லாத்தையும் அதுக்குத் தோதா பண்ணிடறோம்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார்கள். வெளிர் மஞ்சளைப் போட்டால் ஆஸ்பத்திரித் திரை மாதிரி இருந்தது. சிவப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, "சுவத்துல மாட்டியிருப்பாங்களே, தீயணைக்கிற சிலிண்டர், அப்படியே இருக்க" என்றாள் அண்ணி. கடைசியில் மாடியிலிருந்த சின்னக் கடை ஒன்றில், கால் ஓய்ந்து இருவரும் உட்கார்ந்திருந்தபோது, எதிரே உடை மாற்றும் அறையின் திரை விலகி ஒரு பெண் வெளியே வந்தாள்.

நன்றாகப் பழுத்த அத்திப்பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு நிறம் தெரியும். அந்த நிறத்தில் இருந்தது உடை. அதைப் பார்த்த அந்த நொடியில், வாழ்நாள் முழுக்கத் தன்னை யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் இதுதான் என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணோ ஒட்டுமொத்தக் கடையும் தன் சொந்தக்காரர்கள் என்பது போலச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். வாயாடி. தெருமுனைக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகவும், நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதித்துச் சோதித்துத் தன் கண் பூத்துவிட்டதாகவும், அம்மாவைக் கூட்டிவந்து காட்டிவிட்டு எடுத்துக்கொள்வதாகவும் அவளாகவே சொன்னாள். கடைக்காரர் உடையை மடித்துத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்தார்.

பாப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம், பல் டாக்டரிடம் வேலை முடிந்ததும் அவள் தனியாக அந்தக் கடைக்குப் போனாள். டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் 'இதோ, அடுத்தது நீங்கதான்' என்று முகம் மாறாமல் சொல்வதுதான் அவள் வேலை. எட்டு வருடமாகச் சொல்கிறாள். பொய் என்றே அது அவளுக்குத் தோன்றியதில்லை.

"அது கண்ணாடிக் கடைப் பொண்ணுக்கு எடுத்து வெச்சதும்மா. இன்னும் ரெண்டு நாள்ல அம்மாவைக் கூட்டிட்டு வரேன்னிருக்கு" என்றார் கடைக்காரர்.

"அந்தப் பொண்ணா? உங்களுக்கு விஷயம் தெரியாதா? அது இறந்துடுச்சே."

யார் பேசியது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது பாப்பாவுக்கு. அவ்வளவு தெளிவாக, இரக்கமாக வந்தது தன் குரல்.

"என்னம்மா சொல்றீங்க? எப்போ?"

"நேத்துதான். காய்ச்சல்னு படுத்திருக்கு. எங்க தெருவுக்குப் பக்கம்தான் வீடு."

உள்ளே தையல் மெஷினில் இருந்த கடைக்காரரின் மனைவி காலை எடுத்துவிட்டாள். மெஷின் நின்றது. கடைக்காரர் முக்காலியில் மெல்ல உட்கார்ந்து, கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து அந்தத் தட்டில் இருந்த உடையை எடுத்தார். "இதை இனி கடையில வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்க எனக்கு மனசு வராதும்மா. உங்களுக்கு மனசுக்கு ஒண்ணும் இல்லேன்னா எடுத்துக்குங்க."

மனசுக்கு ஒன்றும் இல்லை என்றாள் பாப்பா.

ஸ்பிரிட் வாசம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்காரர் துக்கம் விசாரிக்கக் கண்ணாடிக் கடைக்குப் போவார். அந்தப் பெண்ணே எதிரே வந்து நிற்பாள். நாலு பேர் நடுவே மானம் போகும். அதற்கு முன் தானே போய் அவளிடம் சொல்லிவிடுவது நல்லது, உடையையும் கொடுத்துவிடலாம் என்று, சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு வாக்கியமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி தெருமுனைக்கு நடந்தாள்.

கண்ணாடிக் கடையில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மட்டும் இருந்தார்.

"இங்கே வேலை பார்க்கிற பொண்ணு..."

"உங்களுக்குத் தெரியாதாம்மா? போயிடுச்சு. செவ்வாய்க்கிழமை. காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு கேட்டுச்சு, அவ்வளவுதான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நானே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகத்தைத்தான் பார்க்க முடிஞ்சுது."

செவ்வாய்க்கிழமை. அப்படியானால் பாப்பா புதன்கிழமை சொன்னது பொய்யில்லை.

பாப்பாவின் நெஞ்சில் இருந்த கல் சட்டென்று உருண்டு விழுந்தது. அந்த நிம்மதியில் உடம்பே லேசாகி, கண்ணாடிச் சட்டங்களில் ஒன்றை எடுத்து மாட்டிக்கூடப் பார்த்துவிட்டாள். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரிந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு சாவுச் செய்தியைக் கேட்டுச் சிரிக்கிற முகம். அவசரமாகச் சட்டத்தைக் கழற்றி வைத்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான், துக்க வீட்டுக்கு ஒருமுறை போய்த் தலைகாட்ட வேண்டும் என்று வழுக்கைத் தலைக்காரரிடம் விலாசம் கேட்டாள்.

வீடு, வரிசையாக ஒரே மாதிரி கட்டிய குடியிருப்பின் கடைசியில், கீழ்த்தளத்தில் இருந்தது. மழைக்கு ஊறிய சுவரில் பாசியும், கொடியில் யாரும் எடுக்காமல் விட்ட துணிகளும், நடையில் பொருந்தாத ஜோடிகளாகக் கிடந்த செருப்புகளும், உள்ளேயிருந்து வந்த ஆறிப்போன சோற்றின் வாசனையுமாக அந்த வீடு, சாவு நடந்து கூட்டம் கலைந்த எந்த வீடும் இருப்பதைப் போலத்தான் இருந்தது. பாப்பா அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்.

தலை வாரியிருக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. வீட்டில் போடும் பழைய உடையின் கழுத்தில் அழுக்கு ஏறியிருந்தது. அவள் பாப்பாவை வழக்கமாக யாரும் பார்க்காத விதத்தில் பார்த்தாள். முகத்தில் ஒவ்வொரு இடமாகத் தேடினாள்.

"நான் உங்களுக்குத் தெரியறேனா?" என்று கேட்டாள்.

பாப்பாவின் தலை தானாக ஆடியது.

"அப்பாடா!" அந்தப் பெண் கதவு நிலையிலேயே சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "உள்ளே வாங்க. வாங்க அக்கா. போயிடாதீங்க."

கூடத்தில் அவளுடைய அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மேசைமேல் சட்டம் போட்ட படத்தில் அந்தப் பெண் சிரித்தாள். படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மூச்சுவிடாமல், யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவள் போல அவள் கொட்டித் தீர்த்தாள். "எனக்கு ஒண்ணுமே புரியல அக்கா. புதன்கிழமை சாயங்காலம் கடையில உட்கார்ந்து கண்ணாடி துடைச்சிக்கிட்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. திடீர்னு எங்க முதலாளி தலையில கைவெச்சு அழறார். என்ன சார்னா, பார்க்கவே இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தா இங்கேயும் அழறாங்க. நான் நடுவுல நிக்கிறேன், என்னைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. எதையோ பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போய்ப் புதைச்சுட்டு வந்தாங்க. நானும் கூடவே போனேன். யாரைப் புதைச்சாங்கன்னு தெரியல."

புதன்கிழமை சாயங்காலம்.

"எனக்குத் தட்டு வெக்கிறதில்லை. நானே எடுத்துத் தின்னா, பூனை வந்துடுச்சுன்னு ஜன்னலைச் சாத்துறாங்க. இப்போ சமையலறையையும் பூட்டிடறாங்க." அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா! இங்க பாரும்மா!" அம்மாவின் உடம்பு ஆடியது. அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குளிர் தாங்கலையே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பாப்பா அம்மாவின் பக்கம் குனிந்தாள். எப்படியோ பேசினாள். "அம்மா, உங்க பொண்ணு இங்கேதான் இருக்கா. இதோ, உங்க பக்கத்துல."

அம்மா மெதுவாகத் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் அவகூட வேலை பார்த்தவளா கண்ணு? எங்களுக்கும் அப்படித்தாம்மா இருக்கு. இங்கேதான் எங்கேயோ இருக்கிற மாதிரிதான் இருக்கு." அப்பா கண்ணைத் திறக்காமல் தலையாட்டினார்.

"பார்த்தீங்களா?" என்றாள் பெண். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாப்பாவுக்கு மிக அருகே வந்து நின்றாள். அவள் மூச்சு பட்டது. பசித்த வயிற்றின் புளித்த மூச்சு. செத்தவர்களுக்கு மூச்சு இல்லை.

"உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா நான் தெரியறேன்?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் காலில் விழுந்து சொல்லியிருக்கலாம்.

"தெரியலையே" என்றாள் பாப்பா.

"என் டிரஸ் இன்னும் கடையிலதானே இருக்கு? அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன். அவருக்காவது நான் தெரியறேனான்னு பார்க்கணும்."

"இருக்கு. அங்கேதான் இருக்கு."

வெளியே வந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பாப்பா நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. பின்னால் வெறுங்கால்கள் தண்ணீரில் தப்தப்பென்று வந்தன. "அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போங்க! அக்கா!" தெருவில் குடைபிடித்து வந்தவர்கள் அந்தப் பெண்ணின்மீது மோதிவிட்டு, கல் தடுக்கியதைப் போலத் தள்ளாடி, தரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டு போனார்கள். ஒருவன் சைக்கிளை அவள்மேலேயே விட்டான். விழுந்து, எழுந்து, மறுபடியும் வந்தாள். நிறுத்தத்தில் நின்றிருந்த பேருந்தில் பாப்பா தாவி ஏறினாள். மூடிக்கொண்டிருந்த கதவின் ரப்பர் விளிம்புகளுக்கு நடுவே நான்கு விரல்கள் நுழைந்தன.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். யாரும் இல்லை. கியரை மாற்றினார்.

'நிறுத்துங்க' என்ற ஒரு வார்த்தை போதும். பேருந்து நகர்ந்தது. விரல்கள் விரிந்தன, மடங்கின. கதவின் வெளிப்பக்கம் எதுவோ இழுபட்டுக்கொண்டு வரும் ஓசை. பயணிகளில் ஒருவர், "அடியில ஏதோ மாட்டியிருக்கு போல" என்றார். பாப்பா வாயைத் திறக்கவில்லை. வளைவில் விரல்கள் இல்லாமல் போயின.

திங்கட்கிழமை, உடையை உறையோடு தூக்கிக்கொண்டு மாடிக் கடைக்குப் போனாள். படி ஏறும்போது உறைக்குள்ளிருந்து வெப்பம் அவள் கையில் அடித்தது. காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

"நான் அன்னிக்குச் சொன்னது பொய்யுங்க. அந்தப் பொண்ணு சாகலை. இந்த உடைக்காகச் சொன்னேன்."

இதைச் சொல்ல இத்தனை நாள் ஆனதே என்று அழுகை முட்டியது. கடைக்காரர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். அவர் மனைவி வந்து முதுகைத் தடவினாள்.

"நான் அடக்கத்துக்குப் போயிருந்தேனேம்மா" என்றார் அவர் மெல்ல. "இந்தக் கையாலதான் மண்ணு அள்ளிப் போட்டேன்."

"அது யாரையோ புதைச்சிருக்கீங்க! நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பசியில கிடக்கறா."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலிக்கிறவர்களிடம் பாப்பா காட்டும் அதே பொறுமை அவர்கள் முகத்தில் இருந்தது. "கல்யாணம் நெருங்கும்போது மனசு இப்படித்தான் எதையாவது போட்டுக் குழப்பிக்கும்மா" என்றாள் மனைவி. உடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் இருவருமே கையை நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொல்லைப்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

வலது கை விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. ஒரு பக்கக் கன்னம் தேய்ந்து உரிந்திருந்தது. பேருந்து போன வழியெல்லாம் கேட்டுக் கேட்டு வந்தேன் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அவள் கேட்டால் யாருக்கும் கேட்காது. எப்படி வந்தாள் என்று பாப்பா கேட்கவும் இல்லை.

"கதவு மூடிடுச்சு அக்கா. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் அவள்.

பாப்பா உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவள் இடது கையால் அள்ளி அள்ளித் தின்றாள். அன்றிலிருந்து தினமும் ஒரு தட்டு. அவளுக்குச் சாப்பாடு பெரிதாக ஒட்டவில்லை. நாளுக்கு நாள் இளைத்தாள். புண் ஆறவில்லை. கொஞ்ச நாளில் கொல்லைப்படியில் இருந்து சமையலறைக்கும், அங்கிருந்து கூடத்துக்கும் வந்தாள். பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பாப்பா எங்கே போனாலும் கண் மட்டும் பின்னாலேயே வந்தது. வேறு யாருடைய கண்ணிலும் அவள் இல்லையே, பாவம், பார்ப்பதற்கு அவளுக்கு வேறு யார்?

"யாருக்கு பாப்பா தட்டு வெக்கிற?" என்று அண்ணி கேட்டாள்.

"பூனைக்கு."

சொன்ன பிறகுதான் காது சுட்டது.

மாமியார் ஆகப்போகிறவர் விருந்து விஷயம் பேச வந்த அன்று, கூடத்து நாற்காலியில் அந்தப் பெண் சுருண்டு படுத்திருந்தாள். "உட்காருங்க அத்தை, அங்கே வேண்டாம், இங்கே..." என்று பாப்பா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பருத்த அம்மாள் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அடியிலிருந்து ஒரு சின்ன முனகல். ஒரு மணி நேரம் பேசினார்கள். மேசை விரிப்பும் அத்திப்பழ நிறமாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மாமியாரின் தொடைக்குப் பக்கத்தில் பிதுங்கித் தெரிந்த அந்த முகம், பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமியார் எழுந்துபோகும்போது, "நாற்காலி நல்ல மெத்தையா இருக்கே, எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் பாப்பா அந்த முடிவுக்கு வந்தாள்.

கல்யாணமாகிப் போகிற வீட்டுக்கும் இவள் வருவாள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள். பிறக்கிற பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இவள் இருக்கிறாள். அந்த ஒரு ஆளும் பார்ப்பதை நிறுத்திவிட்டால்?

பழகிக்கொண்டாள். பார்வையை அந்த இடத்தில் நிறுத்தாமல் தாண்டிப் போகப் பழகினாள். வழியில் நின்றால் இயல்பாகச் சுற்றிக்கொண்டு போகப் பழகினாள். தட்டு வைப்பதை விட்டாள்.

"அக்கா" என்றாள் அந்தப் பெண்.

பாப்பா தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் இங்கே இருக்கேன்."

பாப்பா ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

"உங்களுக்குமா?" என்றது அந்தக் குரல், மிகத் தணிவாக. "உங்களுக்குமா நான் தெரியல?"

சீப்பு கையிலிருந்து நழுவியது. பாப்பா குனிந்து எடுத்து, மறுபடியும் பின்னத் தொடங்கினாள். அதன் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. ஊர்ந்து நகரும் சத்தம் மட்டும் சில நாள் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கல்யாணத்தன்று மழை விட்டு வெயில் அடித்தது. மண்டபத்தின் தூண்களிலும் மேடையிலும் நாற்காலிகளின் முதுகிலும் அந்த நிறம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "இப்படியொரு கலரை எங்கேடி பிடிச்ச?" என்று கேட்காத ஆள் இல்லை. அண்ணி அவளுக்கு உடை மாட்டி, முதுகுக் கொக்கிகளைப் போட்டுவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்துக் கண் கலங்கினாள். "உனக்குன்னே பிறந்த உடை பாப்பா."

மண்டபத்தின் கோடியிலிருந்து மேடைவரை நீளமாக விரிப்பு போட்டிருந்தார்கள். இரு பக்கமும் சனம் எழுந்து நின்றது. அண்ணன் தன் கையை வளைத்துக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாப்பா முதல் அடியை எடுத்து வைத்தாள். வாத்தியக்காரர்கள் தொடங்கினார்கள்.

பாதி தூரத்தில் அவளைப் பார்த்துவிட்டாள்.

விரிப்பின் நடுவில் மல்லாந்து கிடந்தாள். எழுந்திருக்கச் சத்து இல்லை. முழங்கையால் ஊன்றி ஊன்றி வாசலில் இருந்து அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும். பூக்கூடை தூக்கி வந்தவர்களும், விளக்கு வெளிச்சம் பிடித்தவர்களும் மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள். மார்புக்கூட்டில் ஒரு பள்ளம். அது ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் பாப்பாவின் முகத்துக்கு வரவில்லை. உடையில் நின்றது. தோள், கழுத்து, இடுப்பு, தரையில் புரளும் ஓரம் என்று மெதுவாக இறங்கியது. பிறகு மேலே வந்தது.

புரிந்துவிட்டது அவளுக்கு.

கத்துவாள் என்று பாப்பா காத்திருந்தாள். கத்தவில்லை. சபிக்கவில்லை. வெடித்த உதடுகள் அசைந்து ஏதோ ஒரு சின்னச் சொல்லைச் சொல்ல முயன்றன. வாத்தியத்தில் அது கேட்கவில்லை.

அரை அடி இடப்பக்கம் விலகினால் போதும்.

"பொண்ணு, நேரா வாங்க. நேரா. இங்கே பாருங்க" என்றார் புகைப்படக்காரர்.

எல்லோரும் பார்க்கிறார்கள். மாமியார் பார்க்கிறார். மேடையில் மாப்பிள்ளை பார்த்துச் சிரிக்கிறான். இல்லாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு எந்தக் கல்யாணப் பெண் நடப்பாள்?

நேராக.

குதிகால் இறங்கியது. மெத்தென்று. வெதுவெதுப்பாக. அதற்கு அடியில் ஏதோ சன்னமாக முறிந்தது. ஒரு மூச்சு வெளியேறி அவள் கணுக்காலில் பட்டது.

"சிரிங்க" என்றார் புகைப்படக்காரர்.

சிரித்தாள். இன்னொரு காலையும் தூக்கி வைத்தாள். கீழே பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது, அந்தக் கண்கள் இன்னும் திறந்துதான் இருந்தன. அவள் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் அண்ணி வந்தாள், பெரியப்பா வீட்டு அக்காமார்கள் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் குதித்துக்கொண்டு வந்தார்கள், மொத்த உறவும் புதுச் செருப்போடு வரிசையாக அந்த விரிப்பின்மேல் நடந்து வந்தது.